இலை சொல்லும் காட்டின் நலம்

மருத்துவர் நோயாளியின் கண்ணையும் நாக்கையும் நகத்தையும் பார்த்து உடல்நிலையை ஓரளவு அறிந்துகொள்கிறார். காட்டின் உடல்நிலையை அறிய முயல்வோர் முதலில் பார்ப்பது இலையை. ஆயினும், எந்த மரத்தின் இலை, எந்தப் பருவத்தின் இலை, கிளையின் எந்த இடத்து இலை என்பவற்றை அறியாமல் பார்ப்பவர்க்கு இலை தவறான செய்தியையே தரும். இலையைப் படிக்கும் கலையைத் தருமபுரி மாவட்டக் காடுகளை முன்வைத்து விளக்குகிறது இப்பாடம்.

உதிர்வது நோயன்று

மாசித் திங்களின் முடிவில், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையின் இருமருங்கிலும் உள்ள காடு பெரிதும் இலையின்றி நிற்கும். கிளைகள் வெறுமையாகத் தோன்றும். தரையெங்கும் சருகு பரவிக் கிடக்கும். முதன்முறையாகக் காண்பவர், காடே பட்டுவிட்டது எனக் கருதக்கூடும். ஆனால், கோடைமழை பெய்த சில வாரங்களில் அதே கிளைகள் தளிர்விடும். பட்டுப்போனதாகத் தோன்றிய காடு உண்மையில் தன்னைக் காத்துக்கொண்டிருந்தது.

பழங்காலத்தில் தகடூர் எனப் பெயர்பெற்றிருந்த தருமபுரிப் பகுதியின் காடுகளில் பெரும்பாலானவை வறண்ட இலையுதிர் காடுகளும் முட்காடுகளும் ஆகும். இங்கு ஓராண்டில் பெய்யும் சராசரி மழை 1000 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி தென்மேற்கு, வடகிழக்குப் பருவக்காற்றுக் காலங்களிலேயே பெய்துவிடுகிறது. தை முதல் பங்குனி வரை மண்ணில் ஈரம் மிகவும் குறைந்திருக்கும். இலையின் பரப்பில் உள்ள நுண்ணிய இலைத்துளைகள் வழியாக மரம் நீரை ஆவியாக இழந்துகொண்டே இருக்கிறது. வேர் உறிஞ்சும் நீரைவிட இலை இழக்கும் நீர் மிகுமானால் மரம் பிழைக்காது. எனவே, இலையை உதிர்த்து நீரிழப்பைக் குறைத்துக்கொள்கிறது.

இவ்வுதிர்வு ஒழுங்காக நிகழ்வது. இலை விழுவதற்கு முன்பே அதிலுள்ள நைட்ரசன், பாஸ்பரசு முதலிய சத்துகளில் கணிசமான பகுதியை மரம் கிளைக்குள் மீட்டுக்கொள்கிறது. அப்போது பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளிப்படுகிறது. இலைக்காம்பின் அடியில் ஒரு தனிப் படலம் உருவாகி, இலை காயமின்றிப் பிரிந்து விழ வழிசெய்கிறது.

ஒரே மாவட்டத்திலும் எல்லா மரங்களும் ஒரே நாளில் இலையுதிர்ப்பதில்லை. காவிரிக்கரையில் நிற்கும் நீர்மருதின் வேர்களுக்கு ஆற்றின் ஈரம் எட்டுகிறது; அதனால் அது நெடுநாள் பசுமையோடு நிற்கிறது. அதே வேளையில், சற்று மேலே பாறைச்சரிவில் வளர்ந்துள்ள வெக்காளி மரம் இலையின்றி நிற்கும். இவ்விரண்டில் ஒன்று நலமுடையது, மற்றொன்று நலிந்தது எனக் கூறுதல் பிழை. இரண்டும் தத்தம் இடத்திற்கேற்ப வாழ்கின்றன. எனவே, காட்டின் நலத்தை மதிப்பிடுபவர் அறியவேண்டிய முதற்பாடம், அந்தக் காட்டின் இயல்பான ஆண்டுச் சுழற்சி ஆகும்.

தமிழ் கண்ட இலைப்பருவங்கள்

இலையின் வளர்நிலைகளைத் தமிழர் கூர்ந்து நோக்கியிருந்தனர் என்பதற்குத் தமிழ்ச் சொற்களே சான்று. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. வேம்பு, புளி போன்றவற்றுக்கு இலை, நெல்லுக்கும் புல்லுக்கும் தாள், கரும்புக்கும் சோளத்துக்கும் தோகை, பனைக்கும் தென்னைக்கும் ஓலை எனத் தாவர வகைக்கேற்பவும் சொற்கள் வேறுபடுகின்றன. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் இச்சொல்வளத்தை எடுத்துக்காட்டி, தமிழரின் நுண்ணோக்கைப் புலப்படுத்தியுள்ளார்.

இச்சொற்களுள் ‘பழுப்பு’ என்பது நம் பொருளுக்கு இன்றியமையாதது. இலை முதிர்ந்து, தன் கடனை முடித்து, மஞ்சளாகும் நிலையே பழுப்பு. அது இயற்கையானது. தளிரே மஞ்சளாவதும், இலை பழுப்பு நிலையை அடையாமல் பச்சையாகவே கருகுவதும் இயற்கையானவையல்ல. முதிர்வால் வந்த நிறமாற்றத்தையும் நோயால் வந்த நிறமாற்றத்தையும் பிரித்தறிதலே காட்டின் நலத்தை மதிப்பிடுவதன் அடிப்படை. அதற்கான முதற்கருவியைத் தமிழ்மொழி முன்பே தந்துள்ளது.

மேலாண்மைக்கு உட்பட்ட காடு

காடு தானே வளர்வது. அதற்கு மதிப்பீடு எதற்கு என்னும் வினா எழலாம். இன்று தமிழ்நாட்டின் காடுகளில் பெரும்பகுதி அரசின் மேலாண்மைக்கு உட்பட்டது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்தின் வழியே பல காடுகள் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட்டன. தருமபுரி மாவட்டக் காடுகள் தருமபுரி, அரூர் ஆகிய வனக்கோட்டங்களின் பொறுப்பில் உள்ளன. இம்மாவட்டத்தையும் கிருஷ்ணகிரி மாவட்டத்தையும் சார்ந்த காவிரி தெற்குக் காட்டுயிர் உய்விடம் 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. யானைகளும் ஆற்று நீர்நாய்களும் சாம்பல்நிற அணில்களும் வாழும் இவ்வுய்விடத்தின் பரப்பு ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர்.

ஒவ்வொரு வனக்கோட்டத்திற்கும் பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு ஒரு செயல்திட்டம் வகுக்கப்படுகிறது. எங்கே நடுவது, எங்கே களைகளை அகற்றுவது, எப்பகுதியைத் தொடாமல் விடுவது என்பன அத்திட்டத்தில் முடிவு செய்யப்படுகின்றன. 2014ஆம் ஆண்டு வெளியிடப்பட்டு, 2023இல் திருத்தப்பெற்ற தேசிய வனச் செயல்திட்ட நெறிமுறை, காட்டின் பரப்பையும் மரங்களின் இருப்பையும் மட்டுமன்றிக் காட்டின் நலத்தையும் உயிர்த்துடிப்பையும் அளவிடவேண்டிய கூறுகளுள் ஒன்றாக வகுத்துள்ளது.

மதிப்பீடு பிழையானால் முடிவும் பிழையாகும். இயல்பாக இலையுதிர்த்து நிற்கும் காட்டை வீணான நிலம் எனக் கருதி, ஆண்டு முழுதும் பசுமையாக இருக்கும் அயல் மரங்களை அங்கே நட்டுவிடலாம். மாறாக, பசுமையாகத் தோன்றும் மரத்தில் மறைந்துள்ள நோயைக் காணாது விட்டு, அது பிற மரங்களுக்குப் பரவ இடமளித்துவிடலாம். இரண்டிலும் இழப்பு காட்டுக்கே. காட்டை நம்பி வாழும் விலங்குகளுக்கும் மக்களுக்கும் ஆற்றுக்குமே.

இலையில் எழுதப்படும் அறிகுறிகள்

இலை என்பது மரத்தின் உணவுக்கூடம். வேர் அனுப்பும் நீரும் தாதுக்களும், காற்றிலிருந்து வரும் கரியமில வாயுவும், சூரிய ஒளியும் இலையில்தான் சந்திக்கின்றன. வேரில் குறை நேர்ந்தாலும், மண்ணில் குறை நேர்ந்தாலும், தண்டினுள் நீர் செல்லும் குழாய்கள் அடைபட்டாலும் அதன் விளைவு இலையில் வெளிப்படும். மண்ணுக்கடியில் உள்ள வேரைத் தோண்டாமலேயே அதன் நிலையை இலையால் ஊகிக்க முடிவது இதனால்தான்.

சத்துக்குறையைக் கண்டறிவதில் இலையின் இடம் முதன்மையானது. நைட்ரசன், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை மரத்தினுள் எளிதில் இடம்பெயரக்கூடியவை. அவற்றுக்குத் தட்டுப்பாடு வரும்போது மரம் முதிர்ந்த இலைகளிலிருந்து அவற்றை எடுத்து இளந்தளிர்களுக்கு அனுப்புகிறது. எனவே, இவற்றின் குறை முதலில் முதிர்ந்த இலைகளில் தோன்றும். முதிர்ந்த இலை முழுவதும் ஒருசேர மஞ்சளானால் நைட்ரசன் குறையையும், விளிம்பு கருகினால் பொட்டாசியக் குறையையும், நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறையையும் ஐயுறலாம். இரும்பு, கால்சியம் போன்றவை எளிதில் இடம்பெயர்வதில்லை. இவற்றின் குறை தளிரில்தான் முதலில் தெரியும். தளிர் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சையாக இருப்பின் அது இரும்புச்சத்துக் குறையின் அடையாளமாகும்.

பூச்சிகளும் தத்தம் அடையாளத்தை இலையில் விட்டுச்செல்கின்றன. இலை விளிம்பிலிருந்து கடித்துத் தின்பது ஒரு வகை. நரம்புகளை விட்டுவிட்டு இடைப்பட்ட பசும்பகுதியை மட்டும் அரிப்பது மற்றொரு வகை. இலையின் இரு தோல்களுக்கு இடையே சுரங்கம்போல் குடைந்து செல்வது மூன்றாம் வகை. காம்பிலும் நடுநரம்பிலும் புடைப்புகளை உண்டாக்குவது நான்காம் வகை. பூச்சி பறந்து சென்றபின்னும் அதன் கையெழுத்து இலையில் எஞ்சியிருக்கும்.

ஆயினும், ஓர் அறிகுறியை மட்டும் கொண்டு முடிவுக்கு வருதல் ஆகாது. வறட்சி, வேரழுகல், சத்துக்குறை, நோய் ஆகிய நான்குமே இலையை மஞ்சளாக்க வல்லவை. அதனால்தான் ஆய்வாளர்கள் நலிந்த மரத்தின் இலையோடு, அருகிலுள்ள நலமான மரத்தின் இலையையும் சேர்த்துப் பறிக்கின்றனர். வெயில் படும் மேற்கிளைகளில், ஒரே வளர்நிலையில் உள்ள இலைகளையே தேர்ந்தெடுக்கின்றனர். பின்னர் அவற்றை உலர்த்திப் பொடித்து ஆய்வகத்தில் சத்துகளின் அளவைக் கணக்கிடுகின்றனர். ஒப்பீடு இல்லாத இலை ஒரு செய்தியையும் உறுதியாகச் சொல்வதில்லை.

சந்தனம் கற்பித்த பாடம்

இலையைப் படிப்பதன் இன்றியமையாமையைத் தென்னிந்தியக் காடுகளுக்கு உணர்த்திய மரம் சந்தனம். அரூர் வட்டத்துச் சித்தேரி மலை உள்ளிட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகள் சந்தனம் இயற்கையாக வளரும் இடங்களாகும். சந்தனம் ஒரு பாதி ஒட்டுண்ணி. அது தன் இலைகளால் உணவு தயாரித்துக்கொள்ளும். ஆனால், நீரையும் சில தாதுக்களையும் அருகிலுள்ள பிற தாவரங்களின் வேர்களிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். எனவே, சந்தனத்தின் நலம் அதனைச் சூழ்ந்துள்ள செடிகொடிகளின் நலத்தோடு பிணைந்தது.

1899ஆம் ஆண்டு குடகுப் பகுதியில், சந்தன மரங்களில் விந்தையான மாற்றம் ஒன்று பதிவாயிற்று. இலைகள் சிறுத்தன. கணுக்களுக்கு இடையேயான தொலைவு குறைந்தது. குறுகிய இலைகள் நெருக்கமாகக் கூடி, கிளையிலிருந்து விறைத்து நின்றன. கிளையே ஒரு முள்கதிர்போல் தோன்றியதால் இந்நோய் ‘ஸ்பைக்’ எனப் பெயர்பெற்றது. தமிழில் இதனைக் கூர்முனை நோய் எனலாம். முற்றிய நோயுள்ள மரம் பூப்பதில்லை, காய்ப்பதில்லை. பிற தாவரங்களின் வேர்களோடு அதற்கிருந்த இணைப்புகளும் நலிந்துபோகும். அறிகுறி தோன்றிய இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் மடியும். கருநாடகம், தமிழ்நாடு, கேரளம் ஆகிய மூன்று மாநிலங்களின் சந்தனக் காடுகளுக்கும் இந்நோய் பேரிழப்பை உண்டாக்கியது.

நோயின் காரணத்தை அறிய எழுபது ஆண்டுகள் ஆயின. மண்ணின் குறை என்றனர் சிலர். காட்டுத்தீயின் விளைவு என்றனர் வேறு சிலர். நோயுற்ற கிளையை நலமான மரத்தில் ஒட்டுக்கட்டியபோது நோய் பரவியதைக் கண்டபின், இது தொற்றுநோய் என்பது தெளிவாயிற்று. நெடுங்காலம் இது வைரசால் வருவது எனக் கருதப்பட்டது. 1967இல் சப்பானிய அறிஞர்கள் மல்பெரிச் செடியின் குட்டைநோயை ஆராய்ந்தபோது, செல்சுவர் இல்லாத ஒருவகை நுண்ணுயிரியை இலைநரம்பின் உணவுக்குழாய்களில் கண்டனர். இரண்டாண்டுகளுக்குப் பின், 1969இல், கூர்முனை நோயுற்ற சந்தனத்திலும் அத்தகைய நுண்ணுயிரி இருப்பது எலக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டறியப்பட்டது. இன்று அது பைட்டோபிளாஸ்மா என அழைக்கப்படுகிறது. சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் இதனைப் பரப்புவதாகக் கருதப்படுகிறது.

இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. தண்டினுள் செலுத்தும் டெட்ராசைக்கிளின் மருந்து அறிகுறிகளைச் சில காலம் தணிக்குமே அன்றி நோயை வேரறுப்பதில்லை. தொடக்கத்திலேயே கண்டறிந்து நோயுற்ற மரத்தை அகற்றுவதே பிற மரங்களைக் காக்கும் வழி. தமிழ்நாட்டில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்திற்குப் பின், தனியார் தம் நிலத்தில் சந்தனம் வளர்ப்பது எளிதாயிற்று. உழவர் தோட்டங்களுக்கும் சந்தனக் கன்றுகள் செல்லும் இக்காலத்தில், நாற்றங்காலிலேயே இலையின் அளவையும் கணுவிடைவெளியையும் கவனிப்பது முன்னைவிட இன்றியமையாததாகிறது. இங்கே நோயை முதலில் அறிவிப்பது இலையின் நிறம் மட்டுமன்று; இலையின் அளவும் அடுக்கும் ஆகும்.

தேக்கும் தைலமரமும்

வளர்ப்புக்காடுகளில் ஒரே இன மரங்கள் நெருங்கி நிற்கின்றன. அங்கு ஒரு பூச்சிக்கு ஏற்ற உணவு எல்லையின்றிக் கிடைக்கிறது. தேக்கு மரத்தை இருவகைப் புழுக்கள் தாக்குகின்றன. முதல்வகை, முதல்மழைக்குப் பின் வரும் இளந்தளிர்களை முழுவதுமாகத் தின்றுவிடும். இரண்டாம் வகை, முதிர்ந்த இலைகளின் பசும்பகுதியை அரித்து, நரம்புகளை மட்டும் வலைபோல் விட்டுவைக்கும். முதல்வகைத் தாக்குதலால் மொட்டையான தேக்கு சில வாரங்களில் மீண்டும் தளிர்க்கும், பெரும்பாலும் மடிவதில்லை. எனவே, இழப்பு எதுவும் இல்லை எனத் தோன்றும். ஆனால், கேரளத்தின் நிலம்பூரில் உள்ள இளந்தேக்குத் தோட்டங்களில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் மேற்கொண்ட ஆய்வு வேறு உண்மையைக் காட்டியது. இலையிழப்பால் மரங்கள் தாம் அடையக்கூடிய கனஅளவு வளர்ச்சியில் 44 விழுக்காட்டை இழந்திருந்தன. மீண்டும் துளிர்த்த இலைக்கு மரம் தன் சேமிப்பிலிருந்து விலை கொடுத்திருந்தது.

தமிழ்நாட்டில் பரவலாக வளர்க்கப்படும் தைலமரம் ஆத்திரேலியாவிலிருந்து வந்தது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அதே நாட்டைச் சேர்ந்த மிகச்சிறிய குளவியினம் ஒன்றும் இந்தியத் தைலமரக் காடுகளில் பரவியது. இக்குளவி இளங்கன்றுகளின் இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் முட்டையிடுகிறது. அவ்விடங்கள் புடைத்து முடிச்சுகளாகின்றன, இலை சுருள்கிறது, கன்றின் வளர்ச்சி குன்றுகிறது. இக்குளவியை அழிக்கவல்ல ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெருக்கி விடுவதும், தாக்குதலைத் தாங்கும் மரவகைகளைத் தேர்ந்தெடுப்பதும் தீர்வுகளாயின. இவ்விரு தீர்வுகளுக்கும் தொடக்கம், கன்றின் இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்த கண்களே.

மரத்தின் தலையை அளத்தல்

1980களின் தொடக்கத்தில் செருமனியின் காடுகளில் மரங்கள் இலை மெலிந்து நலிவதாக அச்சம் பரவியது. தொழிற்சாலைப் புகையால் உண்டாகும் அமிலமழையே காரணம் எனப் பலர் கருதினர். அச்சம் எவ்வளவு உண்மை என்பதை அறிய 1985ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடுகள் இணைந்து ஒரு கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கின. நிலப்பரப்பை 16 கிலோமீட்டர் இடைவெளியுள்ள கட்டங்களாகப் பிரித்து, அவற்றின் சந்திப்புகளில் குறிப்பிட்ட மரங்களைத் தேர்ந்தெடுத்தனர். பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் ஆண்டுதோறும் அம்மரங்களின் தலைப்பகுதியை உற்றுநோக்கி, இலையிழப்பை ஐந்தைந்து விழுக்காட்டு அளவுகளில் பதிவு செய்தனர். இலையிழப்பு 25 விழுக்காட்டைக் கடந்தால் மரம் பாதிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது.

இம்முறை எளியது, ஆனால் ஆழமான பயன் தருவது. ஓராண்டின் பதிவு ஒரு படம். பல ஆண்டுகளின் பதிவு ஒரு வரலாறு. எந்த ஆண்டு வறட்சியால் நேர்ந்த தற்காலிக இழப்பு, எது ஆண்டுக்காண்டு வளரும் நலிவு என்பதைத் தொடர்ச்சியான பதிவே காட்டும். அதே வேளையில், இலையிழப்பின் அளவு மட்டுமே காரணத்தைச் சொல்லாது என்பதையும் அந்நாடுகள் உணர்ந்தன. ஆகவே, தேர்ந்தெடுத்த இடங்களில் மண், மழைநீர், இலையின் சத்து ஆகியவற்றையும் சேர்த்து ஆராய்ந்தனர். தருமபுரி போன்ற இலையுதிர் காட்டுப் பகுதிகளில் இம்முறையைக் கையாளும்போது, மரங்கள் முழு இலையோடு நிற்கும் மழைக்காலத்தின் பிற்பகுதியில் கணக்கெடுப்பதே பொருந்தும்.

வானிலிருந்து இலையைப் படித்தல்

பல நூறு சதுர கிலோமீட்டர் காட்டை ஒவ்வொரு மரமாகப் பார்ப்பது அரிது. இங்கே செயற்கைக்கோள்கள் துணைபுரிகின்றன. பச்சையம் சிவப்பு ஒளியை மிகுதியாக உட்கொள்கிறது. இலையின் உட்புறச் செல்லமைப்போ கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. எனவே, நலமான இலைப்பரப்பிலிருந்து குறைந்த சிவப்பொளியும் மிகுந்த அகச்சிவப்பொளியும் மேலே செல்லும். இவ்விரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துக் கிடைக்கும் எண் தாவரக் குறியீட்டெண் எனப்படுகிறது. இலை அடர்ந்த இடத்தில் இவ்வெண் ஒன்றை நெருங்கும். வெற்றுநிலத்தில் சுழியை நெருங்கும். சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட விளிம்பொளியைத் தனியே அளக்கும் கருவிகளும் இன்று உள்ளன. பச்சையம் குறையத் தொடங்குவதைக் கண் காண்பதற்கு முன்பே அவை காட்டக்கூடும்.

1981இல் நிறுவப்பட்ட இந்திய வன ஆய்வு நிறுவனம், 1987 முதல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நாட்டின் வனநிலை அறிக்கையை வெளியிட்டு வருகிறது. மரத்தலைகள் நிலத்தை மூடியுள்ள அளவு 70 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் மிக அடர்ந்த காடு. 40 முதல் 70 வரை ஓரளவு அடர்ந்த காடு. 10 முதல் 40 வரை திறந்த காடு எனப் பகுக்கப்படுகிறது. இதற்குப் பெரிதும் அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான படங்களே பயன்படுத்தப்படுகின்றன. இலையுதிர் காடுகள் முழு இலையோடு இருக்கும் காலம் அதுவே என்பது இத்தேர்வின் காரணங்களுள் ஒன்று. பங்குனியில் எடுத்த படத்தையும் ஐப்பசியில் எடுத்த படத்தையும் ஒப்பிட்டு, காடு அழிந்தது என்றோ வளர்ந்தது என்றோ கூறுதல் பொருந்தாது.

பசுமை தரும் மயக்கம்

வானிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஒரு குறை உண்டு. அது பசுமையைக் காணும். அப்பசுமை யாருடையது என்பதை எளிதில் அறியாது. வனநிலை அறிக்கையின் காட்டுப்பரப்பு என்னும் கணக்கில் இயற்கைக் காடும் தோப்பும் வளர்ப்புத் தைலமரமும் ஒருங்கே அடங்கும். இனம் எது, உரிமை யாருடையது என்னும் வேறுபாடு அக்கணக்கில் இல்லை.

தரையிலும் இம்மயக்கம் உண்டு. அமெரிக்க வெப்பமண்டலப் பகுதியிலிருந்து அழகுச்செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, இன்று தமிழ்நாட்டின் வறண்ட காடுகள் பலவற்றில் அடித்தளத்தை மூடி நிற்கிறது. நீர்வழிகளிலும் தரிசு நிலங்களிலும் சீமைக்கருவேலம் பரவியுள்ளது. கடுங்கோடையிலும் சீமைக்கருவேலம் பசுமையாக நிற்கும். உண்ணிச்செடியின் புதரோ நாட்டுப் புற்களையும் மரக்கன்றுகளையும் தலைதூக்க விடுவதில்லை. புல் குறைந்தால் மானுக்கும் யானைக்கும் காட்டெருதுக்கும் உணவு குறையும். உணவு தேடி விலங்குகள் வயல்களை நோக்கி வரும் வாய்ப்பும் மிகும். இங்கே பசுமை மிகுந்திருப்பது நலத்தின் அடையாளம் அன்று, நலிவின் அடையாளம்.

எனவே, காட்டின் நலத்தை மதிப்பிடுபவர் மேலே நோக்குவதோடு கீழேயும் நோக்கவேண்டும். ஆச்சா மரத்தின் இலை, ஒரே காம்பில் இணைந்த இரு சிற்றிலைகளால் ஆனது. அவ்விரட்டை இலையைத் தரைக்கு அருகே, முழங்கால் உயரக் கன்றுகளில் காண முடிகிறதா? உசிலின் நுண்ணிலைகளும் வேங்கையின் இளந்தளிர்களும் புதர்களுக்கிடையே தென்படுகின்றனவா? தாய்மரத்தின் இலை இன்றைய நலத்தைச் சொல்லும். கன்றின் இலையே நாளைய காட்டைச் சொல்லும்.

தெரிந்து தெளிவோம்

உதிர்ந்த சருகும் காட்டின் நலத்தை அறியும் கருவியாகும். சருகு மட்கி மண்ணுக்குச் சத்தைத் திருப்பித் தருகிறது. மழைத்துளியின் வேகத்தைத் தணித்து மண்ணரிப்பைத் தடுக்கிறது. நீர் மண்ணுள் இறங்க உதவுகிறது. ஆய்வாளர்கள் மரத்தடியில் வலைக்கூடைகளை வைத்து, ஒவ்வொரு திங்களும் விழும் சருகை எடையிட்டு, எந்தத் திங்களில் எவ்வளவு இலை உதிர்கிறது எனக் கணக்கிடுகின்றனர். மழைக்காலத்தில் வழக்கத்துக்கு மாறாக மிகுதியான பச்சை இலைகள் விழுந்தால் அது எச்சரிக்கையாகும். கோடையில் இதே சருகு தீப்பற்றும் எரிபொருளாகவும் மாறுவதால், தீத்தடுப்புக் கோடுகளை அமைப்பது வனத்துறையின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகிறது.

படிப்போர் யாவர்?

செயற்கைக்கோள் ஐயத்தை எழுப்பும். ஆய்வகம் காரணத்தை உறுதிசெய்யும். இவ்விரண்டுக்கும் இடையே, காட்டினுள் நடந்து சென்று இலையைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் ஒருவர் வேண்டும். சுற்றுக்காவல் செல்லும் வனக்காவலரும், காட்டையொட்டி வாழும் பழங்குடி மக்களும், கால்நடை மேய்ப்போரும் அப்பணிக்கு உரியவர்கள். எந்த மரம் எந்தத் திங்களில் இலையுதிர்க்கும், எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறானது என்னும் அறிவு அவர்களிடம் உள்ளது. சித்தேரி மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் அம்மலையின் பருவங்களோடு ஒன்றி வாழ்பவர்கள். அத்தகையோரின் அறிவை எழுத்துப் பதிவாக்கிச் செயல்திட்டத்தில் இணைக்கும்போது மதிப்பீடு முழுமை பெறும்.

மாணவர்களும் இப்பணியில் பங்கேற்கலாம். பள்ளி வளாகத்திலோ வீட்டருகிலோ உள்ள ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் கொழுந்து, முதிர்ந்த இலை, பழுப்பு, பூ, காய் ஆகியவை எந்த வாரத்தில் எவ்வளவு உள்ளன எனக் குறித்துவருவதே அப்பணி. ‘சீசன்வாட்ச்’ என்னும் இந்திய அளவிலான மக்கள் அறிவியல் திட்டம் இத்தகைய பதிவுகளை மாணவர்களிடமிருந்தும் பொதுமக்களிடமிருந்தும் திரட்டிவருகிறது. காலநிலை மாறிவரும் இந்நாளில், வழக்கமான நாள் எது என்பதை அறிந்திருந்தால்தான் மாற்றத்தை அளக்க முடியும். ஒரு புளியமரம் இவ்வாண்டு இரு வாரம் முன்னதாகத் தளிர்த்தது எனச் சொல்ல வேண்டுமாயின், சென்ற ஆண்டுகளில் அது எப்போது தளிர்த்தது என்பதை எவரேனும் எழுதி வைத்திருத்தல் வேண்டும்.

பச்சையெல்லாம் நலமன்று; உதிர்வெல்லாம் நோயன்று. இனமும் இடமும் காலமும் அறிந்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு, ஆண்டுதோறும் தொடர்ந்து நோக்குவோர்க்கே இலை உண்மை உரைக்கும். அவ்வாறு படித்தறிந்த உண்மையின்மேல் எடுக்கப்படும் முடிவுகளே தருமபுரியின் வறண்ட காடுகளை அவற்றின் இயல்போடு அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்கும்.